கயெத்தானோவின் துவக்கில் வெட்டிய எழுத்து

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். "அந்தோனி அங்கிள், உங்கடை வேலை ஒருத்தரும் செய்யாத வேலை. நல்ல அனுபவம் ஒண்டு எழுதுங்கோ" என்றாள் அவர்களில் ஒருத்தி. நல்ல அனுபவங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் கை நின்றுவிட்டது. எழுத வேண்டியது ஒன்றுதான். அது நல்லதல்ல.

பலெர்மோவில் நம்மவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் சமையலறை வேலைக்கும் போனவர்கள். நான் இருபத்தாறு வருடங்கள் வேட்டைத் துப்பாக்கிகளில், எங்கள் பேச்சில் துவக்குகளில், பெயர் வெட்டினேன். இந்தச் சிசிலித் தீவில் வேட்டைக்குப் போகும் குடும்பங்களில் தகப்பனின் துவக்கு மகனுக்கும், அவனிடமிருந்து பேரனுக்கும் போகும். கை மாறும்போது அதில் ஒரு பெயர், ஒரு நாயின் தலை, ஒரு மலை என்று எதையாவது வெட்டிக் கொடுப்பது வழக்கம். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அது பெரிய பரிசு.

கோவிலில் சிலர் கேட்டிருக்கிறார்கள்: "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனீர். இஞ்சை வந்து துவக்கோடைதானோ வேலை?" அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். "அங்கை நான் கண்ட துவக்கு ஒண்டிலையும் பேர் இல்லை. இஞ்சை பேர் இருக்கு. பேர் இருந்தால் ஆரும் பத்திரமா வைச்சிருப்பினம்." கெட்டிக்காரப் பதில் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

வேலை பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நகைப் பட்டறையில் மோதிரங்களில் எழுத்து வெட்டப் பழகினேன். சண்டை வந்தது, பட்டறை போனது, நானும் போனேன். பலெர்மோவில் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஆறு பேர் இருந்த ஓர் அறையில் படுத்து, மாடிப்படிகள் கழுவினேன். அப்படிக் கழுவப்போன இடங்களில் ஒன்று, கால்சாப் பகுதியில் மாஸ்த்ரோ நீனோவின் துவக்குப் பட்டறை. மாஸ்த்ரோ என்றால் தொழிலில் ஆசான். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது அவருடைய சிற்றுளியை எடுத்து ஒரு தகரத் துண்டில் என் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் வெட்டிப் பார்த்தேன். அவர் பின்னால் நின்றதைக் காணவில்லை. தகரத்தை வாங்கிப் பார்த்தார். "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கு வாளி கொண்டுவராதே" என்றார். அவ்வளவுதான்.

மாஸ்த்ரோ அதிகம் பேசாதவர். சிசிலிக்காரர் பெயரைப் பாதியில் வெட்டித்தான் கூப்பிடுவார்கள். அந்தோனியோ என்பது அவர் வாயில் "அந்தோ" ஆகிவிட்டது. அது தமிழில் என்ன சொல் என்று அவருக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

எந்தத் துவக்கு வந்தாலும் முதலில் திறந்து, இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பார்த்து, வெறுமை என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு அரசாங்க இலக்கம் பொறித்த இடத்தில் ஒரு ஒட்டுத்துணி ஒட்டுவார். அந்த இடத்தில் உளி பட்டால் சிறை. அதன்பிறகுதான் ஆளைக் கதிரையில் இருத்தி, கோப்பி கொடுத்து, கேள்வி கேட்பார். என்ன வெட்டவேண்டும் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் கேட்டாரா, இப்போது எப்படி இருக்கிறார் என்பவைதான் முதலில் வரும். பரிசு என்றால், வாங்கப்போகிறவரை ஒருமுறையாவது பட்டறைக்குக் கூட்டிவர வேண்டும். துவக்கின் மரக்கட்டையைத் தோளில் வைத்துக் கை நீளம் அளக்க என்று காரணம் சொல்வார். அளக்கும்போது அவருடைய கண் நாடாவில் இருக்காது, அந்த ஆளின் முகத்தில் இருக்கும். "துவக்கைத் திடீரென்று யாருடைய கையிலும் வைக்கக்கூடாது, அந்தோ" என்பார். இரண்டு மூன்று பேரை அளந்துவிட்டு, "இந்த வருடம் எனக்கு வேலை கூட" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. ஏனென்று சொல்லமாட்டார்.

ஒரு மாசி மாதம் மாஸ்த்ரோவுக்கு இடுப்பெலும்பு சத்திரசிகிச்சை. மூன்று மாதம் வரமாட்டார். பட்டறையை முதன்முறையாக என்னிடம் விட்டுப்போனார். இரண்டாவது கிழமை எலெனா வந்தாள்.

எலெனாவை எனக்குத் தெரியும். என் மனைவி பிலோமினா பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை செய்த வீட்டின் ஒரே மகள். அவளுக்கு வடக்கே தோரினோவில் உத்தியோகம். அவளுடைய தாய் சிஞ்ஞோரா அன்னா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் பிலோமினாதான் பார்த்தாள். நாங்கள் ஐயா, அம்மா என்பதை இங்கே சிஞ்ஞோர், சிஞ்ஞோரா என்பார்கள். முந்திய ஐப்பசியில் சிஞ்ஞோரா இறந்துபோனா. அதன்பிறகு தனியாக இருந்த கணவர் சிஞ்ஞோர் கயெத்தானோவுக்குச் சமைத்து வீடு துடைக்க, பிலோமினா கிழமையில் இரண்டு நாள் போய்வந்தாள்.

எலெனா கொண்டுவந்தது அவளுடைய தாத்தாவின் இரட்டைக்குழல் துவக்கு. மலைப்பக்கம் இருக்கும் சிறிய தகப்பனிடம் இத்தனை வருடம் கிடந்திருக்கிறது. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றாள்.

"அம்மா போனதோடு அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டார்" என்றாள். "வேட்டை நாயை யாருக்கோ கொடுத்துவிட்டார். தன்னுடைய இரண்டு துவக்கையும் கராபினியேரிப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டார். வயது போய்விட்டதாம். எழுபது ஒரு வயதா? தாத்தாவின் துவக்கு கையில் வந்தால் திரும்ப மலைக்குப் போவார். அவருடைய அனுமதிப் பத்திரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசியை எடுத்தாள். வேட்டைக்குப் போகும் விடியற்காலைகளில் சிஞ்ஞோரா பாண் ரொட்டியைச் சுற்றிக் கணவரின் பைக்குள் வைக்கும்போது அதோடு ஒரு துண்டும் வைப்பாவாம். அதில் இரண்டே சொல். *தோர்னா பிரெஸ்தோ*. நம் பேச்சில் சொன்னால், சுணங்காமல் வந்திடுங்கோ. அந்த எழுத்தை அப்படியே, அம்மாவின் கையெழுத்திலேயே, துவக்கில் வெட்டித் தரவேண்டும் என்றாள்.

"சிஞ்ஞோரை ஒருநாள் கூட்டிவர முடியுமா? கை அளக்க வேண்டும்" என்றேன். மாஸ்த்ரோ சொல்லித்தந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, அப்படியென்றால் என்ன பரிசு? அவருக்குத் தெரியவே கூடாது. பிலோமினாவுக்கும் சொல்லாதீர்கள். அவளுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது."

சம்மதித்தேன். மாஸ்த்ரோ கை வைக்காமல், முழுக்க முழுக்க என் கையால் ஆகப்போகும் முதல் வேலை என்பதால்தான் சம்மதித்தேன். மாஸ்த்ரோவிடம் தொலைபேசியில்கூடக் கேட்கவில்லை.

அந்த வேலையை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். பழைய இரும்பின் துருவை எண்ணெயும் எலும்புத் துண்டும் வைத்து ஒரு கிழமை எடுத்தேன். இடப்பக்கத் தகட்டில் மலையும், வலப்பக்கத் தகட்டில் அவர் கொடுத்துவிட்ட நாயும். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில், விரலுக்குக் கீழே, கையெழுத்து. இரும்பில் வெள்ளைப் பூச்சை மெல்லியதாகத் தடவி, எழுத்தைப் படியெடுத்து, ஊசியால் கீறி, பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சிற்றுளியால் தோண்ட வேண்டும். சிஞ்ஞோரா ஓர் எழுத்தை எங்கே அழுத்தினா, எங்கே பேனையைத் தூக்கினா என்று பார்த்து, அழுத்திய இடத்தில் ஆழமாகவும் தூக்கிய இடத்தில் மயிரிழையாகவும் போகவேண்டும். நாலு நாள் எடுத்தது. முடிவில் அது வெட்டின எழுத்துப்போல் இல்லை. ஒரு பெண் அவசரத்தில் நின்றபடி எழுதினதுபோல் இருந்தது.

அந்தப் பெருமையைத் தாங்க முடியாமல்தான், ஒரு ஞாயிறு பின்னேரம் கைத்தொலைபேசியில் படத்தைப் பிலோமினாவுக்குக் காட்டினேன்.

"இது சிஞ்ஞோராவின்ரை எழுத்தெல்லோ?" என்றாள். "எதிலை வெட்டினனீங்கள்?"

"துவக்கிலை. எலெனா தகப்பனுக்குக் குடுக்கப்போறா. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவ."

பிலோமினா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவர் தன்ரை துவக்குகளை ஏன் குடுத்தவர் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"வயசு போட்டுது எண்டு."

"அது பிள்ளைக்குச் சொன்ன கதை. என்னட்டைக் குசினிக்கை வைச்சுச் சொன்னவர். 'பிலோமினா, இது ரண்டும் என்னோடை ஒரே வீட்டிலை இருக்கக்கூடாது. எனக்கு என்னிலை நம்பிக்கையில்லை' எண்டு. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு மாதாவின்ரை படத்துக்கு முன்னாலை என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். இப்ப உங்களுக்குச் சொல்லிப்போட்டன். பாவம் எனக்குத்தான்."

கவிழ்ந்து கிடந்த தொலைபேசியை எடுத்துப் படத்தை மூடினேன்.

"நீங்கள் எலெனாவிட்டைச் சொல்லவேணும். நான் சொன்னால் வேலைக்காரி வீட்டுக் கதை காவுறாள் எண்டு போகும், சத்தியமும் போகும். நீங்கள் சொல்லுங்கோ. என்னெண்டாலும் சொல்லி நிப்பாட்டுங்கோ."

"சரி, சொல்லுறன்" என்றேன்.

எலெனா அடுத்த கிழமை தோரினோவிலிருந்து வேலையைப் பார்க்க வந்தாள். எழுத்தை விரலால் தடவினாள். அழுதாள். "அம்மா மேசையில் இருந்து எழுதினதுபோல் இருக்கிறது" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு குழலையும் சட்டப்படி அடைத்துவிடலாமா என்று கேட்டேன். சுடாது. சுவரில் மாட்டி வைக்கலாம்.

எலெனா சிரித்தாள். "செத்த துவக்கையா என் அப்பாவுக்குக் கொடுப்பது?" பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏன் கேட்கிறீர்கள்?"

அவள் கேட்டாள். ஏன் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு இரும்பைப் பற்றி இத்தாலியனில் என்னவும் சொல்ல வரும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பிலோமினாவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். மனிதனே தன் துவக்கைக் கொடுத்தவன் என்றால் கவனமாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். வேலைக்காரர் நாங்கள், அவர்களுடைய வீட்டுக்குள் ஏன் தலையை நீட்டவேண்டும் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மேசையில் அந்த எழுத்து கிடந்தது. சொன்னால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதும் எனக்குள் இருந்தது.

"சும்மா. கடதாசி வேலை குறையும்" என்றேன்.

பிறந்தநாள் விருந்துக்குப் பிலோமினாதான் சமைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னரே கேட்டாள்.

"எலெனாவிட்டைச் சொன்னனீங்களோ, இல்லையோ?"

"சொன்னன்."

"அதுக்கு என்ன சொன்னவ?"

"சிரிச்சவ."

அந்தச் சிரிப்பு நடந்ததுதான். பொய் முழுவதும் அந்தச் "சொன்னன்" என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது. பிலோமினா கதிரையில் இருந்துவிட்டாள். "சொல்லியும் சிரிச்சவளோ" என்றாள். பிறகு விருந்தில் நடந்ததைச் சொன்னாள். சிஞ்ஞோர் கயெத்தானோ பெட்டியைத் திறந்து, அந்த எழுத்தைக் கண்டு, நெடுநேரம் தலை நிமிரவில்லையாம். கண்ணீர் விழுந்ததாம். எலெனா அதைப் பார்த்து, கை தட்டிச் சந்தோசப்பட்டாளாம். அவர் எழும்பி மகளை முத்தமிட்டாராம்.

அடுத்த செவ்வாய் பிலோமினா அவரிடம் நேரே கேட்டிருக்கிறாள். "சிஞ்ஞோர், அதை என்னட்டைத் தாங்கோ. எண்ணெய் போட வேணும் எண்டு என்ரை மனிசன் சொன்னவர்." அவர் தலையாட்டினாராம். "முந்தியதுகள் வெறும் துவக்கு, பிலோமினா. கொண்டுபோய்க் கொடுத்தேன். இது என் மகள் தந்தது. அவளுடைய முகத்தை நீ பார்த்தாய்தானே? இதை நான் எப்படி வீட்டைவிட்டு அனுப்புவது?"

பிலோமினா என்னிடம் வந்தாள். "நீங்கள் போங்கோ. திருத்த ஏதோ மிச்சம் கிடக்கு எண்டு ஒரு சாட்டுச் சொல்லி எடுத்துக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே போங்கோ."

"திங்கக்கிழமை மாஸ்த்ரோ வாறார். அவரிட்டைக் கேட்டுப்போட்டுப் போறன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பகேரியாவில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது பிலோமினா. என்ன கண்டாள் என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் எனக்குத்தான் முதலில் அழைத்தாள். "இனிப் போகத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை மாஸ்த்ரோ ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "வெட்டுவதற்கு முன் அந்த மனிதரை நீ பார்த்தாயா?" என்று கேட்டார்.

"இல்லை, மாஸ்த்ரோ."

தலையை ஆட்டினார். செத்தவீட்டுக்குத் தானே போய், ஊன்றுகோலோடு கடைசிவரை நின்றுவிட்டு வந்தார்.

சில மாதம் கழித்து நீதிமன்றம் துவக்கை விட்டுக்கொடுத்தது. எலெனா அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். உருக்கக் கொடுக்கப்போகிறேன், அதற்கு முன் அம்மாவின் எழுத்துள்ள வளையத்தை மட்டும் கழற்றித் தாருங்கள் என்றாள். மெலிந்து போயிருந்தாள். நான் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, விளிம்பை அரத்தால் மழுக்கி, ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை. நின்றாள்.

"குழலை அடைக்கலாம் என்று சொன்னீர்களே. ஏன் சொன்னீர்கள்?"

மாஸ்த்ரோ தன் மேசையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். உளிச் சத்தம் நின்றது.

"எல்லாரிடமும் கேட்பதுதான், சிஞ்ஞோரா. வழக்கம்."

எலெனா என் கையைப் பிடித்தாள். "நான் கேட்டிருக்கலாம். நீங்கள் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் "பரவாயில்லை" என்றேன்.

அவள் போனபிறகு மாஸ்த்ரோ நிமிராமலே சொன்னார்: "அந்தோ, நாங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை."

அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றிலிருந்து பரிசுத் துவக்கு எதையும் பட்டறை எடுக்கவில்லை. பழுதுபார்ப்பு, துரு எடுப்பு, பழைய தகட்டுக்கு மெருகு, இவ்வளவுதான். வந்தவர்களிடம் "இந்த வருடம் எனக்கு வேலை கூட" என்று அவர் சொல்லும்போது நான் பக்கத்து மேசையில் சும்மா இருப்பேன். அவர் சாகும்வரை என்னோடு மரியாதையாகவே நடந்தார். பட்டறைத் திறப்புச் சாவியை மட்டும் பிறகு என்னிடம் தரவில்லை.

இப்போது அங்கே லேசர் இருக்கிறது. தொலைபேசியில் படத்தை அனுப்பினால் கால் மணித்தியாலத்தில் பெயர் விழும். அதன் கோடு என் கோட்டைவிடத் திருத்தமானது. போன மாதம் அங்கே வேலைக்கு வந்த பெண், முந்தி நீங்கள் என்னென்ன கேட்டு வேலை எடுப்பீர்கள் என்று என்னிடம் விசாரித்தாள். மாஸ்த்ரோவின் கேள்விகள் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களும் இப்படித்தான் கேட்பீர்களா?" என்றாள். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எலெனா தோரினோ உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தகப்பனின் வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். இந்த ஆறு வருடத்தில் பல தடவை அவளைக் கண்டிருக்கிறோம். சந்தையில், ரயிலில், கல்லறையில். ஒவ்வொரு முறையும் பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். "சொல்லியும் கேளாதவள்" என்று என் காதில் மட்டும் சொல்லுவாள். எலெனா ஒருமுறை என்னை மறித்துக் கேட்டாள்: "பிலோமினாவுக்கு என்னில் வெறுப்பு. அம்மாவைக் குழந்தைபோல் தூக்கிப் பார்த்தவள். அவள் வெறுப்பது நியாயம்தான், இல்லையா?" இல்லை சிஞ்ஞோரா, அவளுக்குக் கண் பார்வை குறைவு என்று சொன்னேன்.

ஒரு பெண் தன்னைத்தானே வெறுத்தாள். மற்றப் பெண் அவளை வெறுத்தாள். நான் இருவருக்கும் நல்லவனாக இருந்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், மலர்க்குழுவிடம் கொடுக்க முன்னர் பிலோமினாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடதாசியைப் பார்த்து வாசித்தால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதால்தான் அப்படிச் செய்தேன். "சும்மா. கடதாசி வேலை குறையும்" என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

"ஆறு வருஷம்" என்றாள். "தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. ஆறு வருஷம் நான் அவளின்ரை முகத்திலை முழிக்கேல்லை."

என் தொலைபேசியை எடுத்து, எலெனாவின் இலக்கத்தைத் தேடச் சொன்னாள். தேடிக் கொடுத்தேன். பல்கனிக்குப் போனாள். "எலெனா, நான் பிலோமினா" என்று இத்தாலியனில் சொன்னது கேட்டது. பிறகு கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய முதுகுதான் தெரிந்தது. என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அழைப்பு முடிந்து உள்ளே வந்து, "இதை அச்சிலை போடக் குடுங்கோ. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை போய்விட்டது. எலெனா என்னைக் கூப்பிடவில்லை. பிலோமினா ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பகேரியாவுக்கு ரயில் ஏறுகிறாள். சம்பளத்துக்கு அல்ல. நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். நீங்களும் வாங்கோ என்று அவள் கேட்பதில்லை.